கொழுக்குமலை ஜீப்பும் ஒரு துண்டு ரப்பரும்

தேனி மாவட்டத்தில் இருக்கும் ஓர் இடத்துக்கு வண்டியில் போக வேண்டுமென்றால் கேரளாவுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். கொழுக்குமலையின் விசித்திரம் அது. அரசு ஆவணப்படி அது போடிநாயக்கனூர் வட்டத்தைச் சேர்ந்தது. மலைக்கு நேர் கீழே குரங்கணி இருக்கிறது. ஆனால் குரங்கணியிலிருந்து மேலே ஏற நடைபாதைதான் உண்டு. சக்கரம் வைத்த எதுவும் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சின்னக்கானல் பக்கமாகச் சுற்றி, இடுக்கி மாவட்டத்துச் சூரியநெல்லிக்கு வந்து, அங்கிருந்துதான் மலையைத் தொட முடியும்.

சூரியநெல்லியில் பொழுது விடிவது அதிகாலை 4 மணிக்கு. சூரியன் அப்போது வராது, ஜீப்கள் வந்துவிடும். ஸ்வெட்டர், மங்கி குல்லா, போர்வை என்று கையில் கிடைத்ததையெல்லாம் சுற்றிக்கொண்டு மதுரைக் குடும்பங்களும் கொச்சிக் கல்லூரி மாணவர்களும் டீக்கடை வாசலில் நிற்பார்கள். கடைப் பலகையில் மலையாளமும் தமிழும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஓட்டுநர்களில் பலருடைய வீட்டுப் பேச்சு தமிழ்தான். தேயிலைத் தோட்ட வேலைக்காகத் தலைமுறைகளுக்கு முன்னால் மலையேறி வந்த குடும்பங்களின் பிள்ளைகள்.

சொந்தக் கார் இங்கே செல்லுபடியாகாது. எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதாக இருந்தாலும் சூரியநெல்லியில் ஓரங்கட்டிவிட்டு, ஜீப்பின் பின்னால் எதிரெதிர் பெஞ்சில் முட்டியோடு முட்டி இடிக்க உட்கார வேண்டியதுதான். ஏறக்குறைய 12 கிலோமீட்டர் தூரம். சமவெளியில் கால் மணி நேரத்தில் போய்விடலாம். இங்கே ஒன்றரை மணி நேரம் பிடிக்கும்.

தேயிலைத் தோட்டத்துக்குள் கொஞ்ச தூரம் போனதும் தார் மறைந்து கல் வருகிறது. சரளைக் கல் என்று நினைத்துவிட வேண்டாம். தேங்காய் அளவுக் கல், அம்மிக்கல் அளவுக் கல், இரண்டுக்கும் நடுவே மழைநீர் அறுத்த ஓடை. ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பனி மூடிய வெறுமை. ஹெட்லைட் வெளிச்சத்தில் முன்னால் போகும் ஜீப்பின் பின்சக்கரம் ஒன்று மேலேயும் ஒன்று கீழேயுமாகத் தத்தளிப்பது தெரியும். நம் ஜீப்பும் அதையேதான் செய்துகொண்டிருக்கிறது என்பது ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைக்கும்.

அரை மீட்டருக்கு ஒரு கல் என்று குறைத்தே வைத்துக்கொள்வோம். போக வர 24 கிலோமீட்டருக்கு ஒவ்வொரு சக்கரமும் 48,000 முறை எகிறி இறங்குகிறது. சீசன் நாளில் ஒரே ஜீப் இரண்டு நடை கூட அடிக்கும். அந்த ஒவ்வொரு எகிறலும் கடைசியில் வந்து சேரும் இடங்களில் ஒன்று, குழந்தையின் கைப்பிடிக்குள் அடங்கிவிடும் ஒரு துண்டு ரப்பர். ஓட்டுநர்கள் அதை ‘புஷ்’ என்பார்கள்.

பட்டை தூக்கும், ஷாக் அடக்கும்

பழைய ஜீப்பின் அடியில் குனிந்து பார்த்தால் வில் போல வளைந்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய இரும்புப் பட்டைகள் தெரியும். வண்டியின் மொத்தக் கனத்தையும் தாங்குவது அந்தப் பட்டைகள்தான். அதன் பக்கத்திலேயே சாய்வாக ஒரு குழாய் நிற்கும். அது ஷாக் அப்சார்பர், சுருக்கமாக ஷாக். பலரும் நினைப்பதுபோல அது கனத்தைத் தாங்குவதில்லை. கல்லில் ஏறி அமுங்கிய பட்டை திரும்ப நிமிரும்போது துள்ளும். துள்ளிக்கொண்டே இருக்கும். அந்தத் துள்ளலை அடக்குவதுதான் ஷாக்கின் வேலை. குழாய்க்குள் எண்ணெய் இருக்கிறது. பிஸ்டன் மேலும் கீழும் போகும்போது அந்த எண்ணெய் சின்னச் சின்னத் துளைகள் வழியாகப் பிதுங்கிப் போக வேண்டும். அந்தச் சிரமத்தில் துள்ளல் சூடாக மாறிக் காற்றில் கலந்துவிடுகிறது.

ஷாக் வேலை செய்யாவிட்டால் இடுப்பு வலிக்கும், அவ்வளவுதானே என்று தோன்றலாம். இடுப்பு இரண்டாம்பட்சம். துள்ளுகிற சக்கரம் தரையை விட்டு எழும்புகிறது. தரையில் இல்லாத சக்கரத்தில் பிரேக் பிடித்துப் பயனில்லை, ஸ்டியரிங்கைத் திருப்பியும் பயனில்லை. கொழுக்குமலையிலிருந்து இறங்கும்போது, வலப்பக்கம் பள்ளமாக இருக்கும் ஒரு கொண்டை ஊசி வளைவில், முன்சக்கரம் தரையில் இருக்கிறதா இல்லையா என்பது சாதாரணக் கேள்வி இல்லை.

இந்த ஷாக்கின் மேல்முனை வண்டியின் சேஸிலும், கீழ்முனை ஆக்ஸில் பக்கத்திலும் மாட்டப்பட்டிருக்கும். முனையில் வளையல் போல ஓர் இரும்பு வளையம், அதற்குள் ரப்பர் புஷ், அதன் நடுவே போல்ட் அல்லது பின். சக்கரம் ஏறி இறங்கும்போது ஷாக் நீள்வதும் குறுகுவதும் மட்டுமல்ல, சில டிகிரி சாயவும் செய்கிறது. இரும்போடு இரும்பை நேராக இறுக்கினால் அந்தச் சாய்வு எதையாவது முறித்துவிடும். நடுவில் இருக்கும் ரப்பர்தான் வளைந்து கொடுக்கிறது. நம் முழங்காலில் இரண்டு எலும்புக்கும் நடுவே இருக்கும் குருத்தெலும்பு மாதிரி. அது தேய்ந்தவர்களைக் கேட்டால் தெரியும், மாடிப்படியின் அருமை.

“சக்கரம் எங்க இருந்துச்சு?”

மலையடிவார ஒர்க்‌ஷாப்களில் இந்த உரையாடலை அடிக்கடி கேட்கலாம்.

“அண்ணே, போன வாரந்தான் புஷ் மாத்துனேன். மறுபடி டக்கு டக்குனு அடிக்குது. டூப்ளிகேட் குடுத்துட்டான் போல.”

“எங்க வச்சு மாத்துன?”

“ரோட்டோரமா ஜாக்கி போட்டு நானே மாத்திட்டேண்ணே. நட்டு நல்லா டைட்டு. ஸ்பேனர்ல பைப்பு சொருகி இழுத்தேன்.”

“டைட்டு இருக்கட்டும் தம்பி. முடுக்கும்போது சக்கரம் எங்க இருந்துச்சு? தரையிலயா, தொங்கிக்கிட்டா?”

தம்பிக்கு அந்தக் கேள்வி வேடிக்கையாக இருக்கும். நட்டு முடுக்குவதற்கும் சக்கரம் எங்கே இருக்கிறது என்பதற்கும் என்ன சம்பந்தம்?

எல்லாமே அதில்தான் இருக்கிறது. பல புஷ்களில் ரப்பரின் நடுவே ஓர் இரும்புக் குழல் ஒட்டவைக்கப்பட்டிருக்கும். போல்ட்டை முடுக்கியதும் அந்தக் குழல் பிராக்கெட்டோடு சேர்ந்து இறுகிவிடும், அசையாது. வெளியே இருக்கும் வளையம் ஷாக்கோடு சேர்ந்து அசையும். இரண்டுக்கும் நடுவே ரப்பர் முறுக்கிக்கொள்ளும், மறுபடி பழைய நிலைக்குத் திரும்பும். அதாவது ரப்பர் உரசிச் சுழல்வதில்லை, முறுக்கிக்கொடுத்துத்தான் வேலை செய்கிறது.

இப்போது சேஸுக்கு ஜாக்கி கொடுத்து வண்டியைத் தூக்கினால் சக்கரம் கீழே தொங்கும். பட்டை நிமிர்ந்துவிடும், ஷாக் முழுசாக நீண்டு வேறொரு கோணத்தில் நிற்கும். அந்த நிலையில் நட்டை முடுக்கினால் ரப்பர் அதையே தன் இயல்பான நிலை என்று எடுத்துக்கொள்கிறது. பிறகு ஜாக்கியை இறக்கியதும் வண்டி தன் கனத்தில் அமுங்குகிறது, ஷாக் சாய்கிறது, ரப்பர் முறுக்கிக்கொள்கிறது. வண்டி சும்மா நிற்கும்போதே முறுக்கு. ராத்திரி முழுக்கக் கழுத்தை ஒரு பக்கமாகத் திருப்பிவைத்துத் தூங்குகிறவர் காலையில் இன்னும் கொஞ்சம் திரும்பச் சொன்னால் எப்படி அலறுவாரோ, கல்லில் ஏறும்போது அந்த ரப்பரின் கதி அதுதான். சில நாளில் கிழிந்துவிடும். பழி கடைக்காரர் மேல் விழும்.

சரியான முறை எளிமையானது, பொறுமைதான் கொஞ்சம் வேண்டும். போல்ட்டைக் கோத்து நட்டைக் கையால் திருகும் அளவுக்கு மட்டும் விட வேண்டும். வண்டியை இறக்கி நான்கு சக்கரமும் சமதரையில் நிற்கவைக்க வேண்டும். பம்பரைப் பிடித்து நாலு தடவை அமுக்கிவிட்டு, வண்டியை முன்னும் பின்னும் கொஞ்சம் உருட்டினால் பட்டை தன் இயல்பான உயரத்துக்கு வந்துவிடும். அதன் பிறகுதான் கடைசி முடுக்கு. வண்டிக்கு அடியில் நுழைய இடம் இல்லையென்றால் குழி உள்ள ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாம். அல்லது ஆக்ஸிலுக்கு அடியில் உறுதியான ஸ்டாண்டு கொடுத்து, வண்டியின் கனம் பட்டை மேல் உட்காரும்படி செய்யலாம். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் படுக்கக் கூடாது. அனுபவசாலிகள் அதைத்தான் முதலில் சொல்லித் தருவார்கள்.

எவ்வளவு டைட்டு?

‘எவ்வளவு முடியுமோ அவ்வளவு’ என்பது நம் ஊரில் எல்லா நட்டுக்கும் சொல்லப்படும் பதில். ஷாக் விஷயத்தில் அது பாதி சரி, பாதி ஆபத்து. எந்த வகை புஷ் என்பதைப் பொறுத்தது.

நடுவில் இரும்புக் குழல் உள்ள வகை என்றால் போல்ட் முழு இறுக்கத்தில் இருக்க வேண்டும். ‘ரப்பர் அசையட்டும்’ என்று இரக்கப்பட்டு லூசாக விட்டால் குழல் போல்ட்டைச் சுற்றி உரச ஆரம்பிக்கும், போல்ட் அரம் போட்டதுபோல் தேயும். ஒவ்வொரு வண்டிக்கும் இத்தனை நியூட்டன் மீட்டர் என்று கம்பெனி புத்தகத்தில் ஓர் அளவு இருக்கும். டார்க் ரெஞ்ச் வைத்து அந்த அளவுக்கு முடுக்க வேண்டும். பைப் சொருகி இழுப்பது வீரம்தான், ஆனால் போல்ட்டின் மரை தாங்காது.

பழைய ஜீப்கள் சிலவற்றில் குழல் கிடையாது. பின் மேல் நேரடியாக ரப்பர், அதன் மேல் வாஷர், நட்டு. இன்னும் சில வண்டிகளில் ஷாக்கின் மேல்முனை வளையமாக இல்லாமல் மரை போட்ட கம்பியாக இருக்கும். பிராக்கெட்டுக்கு மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக, நம் உளுந்து வடை மாதிரி இரண்டு ரப்பர்கள், அவற்றை அழுத்திப் பிடிக்கக் கிண்ணம் போல வாஷர்கள். இங்கேதான் முரட்டுக் கை கெடுதல் செய்யும். முடுக்க முடுக்க ரப்பர் பக்கவாட்டில் பிதுங்கும். வாஷரின் விளிம்புக்குச் சமமாக வந்ததும் நிறுத்திவிட வேண்டும் என்பது மெக்கானிக்குகளின் பொதுக் கணக்கு. புத்தகத்தில் வேறு அளவு போட்டிருந்தால் அதுதான் சட்டம். அதற்கு மேலும் நசுக்கினால் ரப்பர் கல்லாகிவிடும். சாய இடம் இல்லாத கம்பி மலைப்பாதையில் வளையும், ஒருநாள் மரையோரத்தில் முறியும். குறைவாக முடுக்கினாலோ ஒவ்வொரு கல்லுக்கும் சுத்தியல் அடிதான்.

இந்தக் கம்பி வகையில் நட்டைத் திருகும்போது கம்பியும் சேர்ந்து சுற்றும். உடனே பிளையரால் ஷாக்கின் பளபளப்பான தண்டைப் பிடிப்பார்கள் சிலர். தண்டில் ஒரு கீறல் விழுந்தால் போதும், அது உள்ளே போய் வரும்போதெல்லாம் ஆயில் சீலை அறுத்துவிடும். புஷ் மாற்றப் போய் ஷாக்கையே மாற்றும் செலவு. தண்டின் நுனியில் ஸ்பேனர் பிடிப்பதற்கென்றே தட்டையான இடம் விட்டிருப்பார்கள், அங்கேதான் பிடிக்க வேண்டும்.

இன்னொரு பழக்கம், புஷ் உள்ளே போக அடம்பிடித்தால் கிரீஸ் தடவுவது. ரப்பருக்குக் கிரீஸும் எஞ்சின் ஆயிலும் ஆகாது. ஊறி உப்பிக் கொழகொழவென்று ஆகிவிடும். சோப்புத் தண்ணீர் போதும், வழுக்கிக்கொண்டு உள்ளே போகும், பிறகு தானே காய்ந்துவிடும். மஞ்சளிலும் சிவப்பிலும் வரும் பாலியூரிதேன் புஷ்கள் வேறு ஜாதி. அவை உழைக்கும், ஆனால் கொஞ்சம் முரடு. கல்லின் ஒவ்வொரு முனகலையும் வண்டிக்குள் கொண்டுவந்துவிடும், அதற்கென்று உள்ள கிரீஸ் போடாவிட்டால் கிரீச்சிடவும் செய்யும். பின்னால் ஆறு பேரை உட்காரவைத்துக் கூட்டிப்போகிற வண்டிக்கு ரப்பரே உத்தமம்.

முடுக்கி முடித்ததும் கவனமான மெக்கானிக் ஒரு சின்ன வேலை செய்வார். பெயின்ட்டால் நட்டையும் போல்ட்டையும் சேர்த்து ஒரு கோடு. முதல் நடை முடிந்து வந்ததும் டார்ச் அடித்துப் பார்த்தால் போதும். கோடு நேராக இருந்தால் நட்டு அசையவில்லை. உடைந்திருந்தால் மறுபடி ஸ்பேனர். லாக் நட்டின் உள்ளே நைலான் வளையம் இருந்தால் பழையதைத் திரும்பப் போடாமல் புதிதாகப் போடுவதும் நல்லது. அந்த நைலானின் பிடி ஒவ்வொரு முறை கழற்றும்போதும் குறைந்துகொண்டே போகும்.

மேலே, மேகத்துக்கு மேல்

இவ்வளவையும் தாண்டி ஜீப் மலையுச்சிக்கு வந்து சேரும்போது கிழக்கே சிவப்புக் கோடு விழ ஆரம்பித்திருக்கும். கொழுக்குமலை ஏறக்குறைய 7,900 அடி உயரம். கீழே தேனிச் சமவெளி தெரிய வேண்டிய இடத்தில் மேகம் பஞ்சுப் பொதியாகக் கிடக்கும். சிங்கத்தின் முகம் போல நீட்டிக்கொண்டிருக்கும் பாறையின் பக்கத்தில் எல்லோரும் செல்போனை உயர்த்திக்கொண்டு நிற்பார்கள். எதிரே 2,640 மீட்டர் உயரமான மீசைப்புலிமலை. சூரியன் வந்த அந்த இரண்டு நிமிடம் மட்டும் யாரும் பேசுவதில்லை. அதுவரை ‘இடுப்பு போச்சு’ என்று சொல்லிக்கொண்டு வந்த பாட்டி கூட.

பக்கத்திலேயே ஆங்கிலேயர் காலத்துத் தேயிலைத் தொழிற்சாலை. இலையை வாடவைத்து, உருட்டி, புளிக்கவைத்து, உலர்த்தும் பழைய முறையில் இன்னும் தூள் தயாராகிறது. மரமும் இரும்புமாகக் கலந்த பழைய இயந்திரங்கள். உள்ளே நுழைந்ததும் வரும் வாசனைக்காகவே ஒன்றரை மணி நேரக் குலுக்கலைத் தாங்கலாம். இங்கே குடிக்கிற டீயில் பால் சேர்க்காமல் ஒருமுறை குடித்துப் பார்ப்பது நல்லது. நம் வீட்டு டீயில் இத்தனை நாளும் எதைக் குடித்தோம் என்ற சந்தேகம் வரும்.

பயணிகள் டீ குடிக்கிற அந்த அரைமணி நேரத்தில் ஜீப்களின் பக்கம் வேறொரு காட்சி நடக்கும். சில ஓட்டுநர்கள் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து ஷாக் குழாயின் அருகே கையைக் கொண்டுபோய்ப் பார்ப்பார்கள். சும்மா இல்லை. துள்ளலைச் சூடாக்குவதுதான் ஷாக்கின் வேலை என்பதால், இவ்வளவு கல்லேறி வந்தபின் நான்கும் சூடாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஜில்லென்று இருந்தால் அது உழைக்கவில்லை என்று அர்த்தம். எண்ணெய் ஒழுகியிருக்கலாம், அல்லது புஷ் போய் ஷாக் சும்மா ஆடிக்கொண்டு வந்திருக்கலாம். சட்டென்று அழுத்தித் தொட்டுவிடக் கூடாது, கை பொத்துவிடும். பிறகு குழாயைப் பிடித்து ஓர் ஆட்டு. கடகடவென்றால் கோளாறு. வளையத்தைச் சுற்றிச் செந்தூரம் போலத் துருப்பொடி படிந்திருந்தாலும், ரப்பர் ஒரு பக்கமாக ஒதுங்கி இரும்பு பளிச்சென்று தெரிந்தாலும் அதே கதைதான்.

அதை மதிக்காமல் ஓட்டினால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு வரிசை உண்டு. ரப்பர் போன இடத்தில் இரும்பும் இரும்பும் மோதும். வளையம் முட்டை வடிவமாகும். பின் தேயும். பிறகு சேஸில் வெல்டு வைத்த பிராக்கெட் விரிசல் விடும். ஒருநாள் ஷாக் ஒருமுனை அறுந்து தொங்கும், பக்கத்தில் போகும் பிரேக் ஹோஸையோ டயரையோ தட்டும். 12 கிலோமீட்டருக்கு ஒர்க்‌ஷாப் கிடையாது. பிராக்கெட் வெல்டிங்குக்கு வண்டி இரண்டு நாள் நின்றால் அந்த இரண்டு நாள் நடையும் போச்சு. சீசன் என்பது சில மாதங்கள்தான், மழைக்காலத்தில் வருமானம் வழுக்கும் பாதை மாதிரியே. புஷ்ஷின் விலை அதன் முன்னால் ஒன்றுமே இல்லை. அதனால்தான் அனுபவப்பட்ட ஓட்டுநர்களுக்கு வண்டி எழுப்பும் ஒவ்வொரு சத்தத்துக்கும் காது உண்டு.

பயணிகளுக்கும் அந்தக் காது கொஞ்சம் வாய்க்கலாம். பெரிய கல்லில் ஏறும்போது வரும் ‘தடால்’ சாதாரணம். சின்னச் சின்னக் கல்லுக்கெல்லாம் ஒரே பக்கத்திலிருந்து ‘டக் டக்’ என்று காய்ந்த இரும்புச் சத்தம் வந்தால் கவனிக்கலாம். “அண்ணே, இடப்பக்கம் பின்னால ஏதோ தட்டுதே” என்று சொன்னால் எந்த ஓட்டுநரும் கோபித்துக்கொள்ள மாட்டார். எஞ்சின் இரைச்சலில் முன்னால் இருப்பவருக்குக் கேட்காதது, பின் பெஞ்சில் அதற்கு நேர் மேலே உட்கார்ந்திருப்பவருக்குத்தான் கேட்கும்.

வீட்டில் சொந்தமாக ஃபோர் வீல் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் ஊருக்குத் திரும்பியபின் ஒரு வேலை உண்டு. அடுத்த முறை ஷாக்கோ புஷ்ஷோ மாற்றக் கொடுக்கும்போது, கடைசி முடுக்கைச் சக்கரம் தரையில் நிற்கும்போது போடச் சொல்ல வேண்டும். லிஃப்டில் தூக்கிவைத்தபடியே எல்லாவற்றையும் முடித்து அனுப்புவது அவசரக் காலத்து வழக்கம். பட்டை முனைகளில் இருக்கும் ரப்பர் புஷ்களுக்கும் இதே விதிதான். கேட்டால் சிலர் முகம் சுளிப்பார்கள். நல்ல மெக்கானிக் என்றால், “பரவாயில்லையே சார், விஷயம் தெரிஞ்சு கேக்குறீங்க” என்று குழிக்குள் இறங்கிவிடுவார்.

இறக்கம் ஏற்றத்தைவிட மெதுவாக இருக்கும். ஃபோர் வீல் லிவரைப் போட்டு, முதல் கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும்படி விட்டு ஓட்டுநர் இறக்குவார். வெயில் வந்துவிட்டதால், ஏறும்போது இருட்டில் தெரியாத பள்ளமெல்லாம் இப்போது நன்றாகத் தெரியும். பெஞ்சில் பேச்சு குறைந்துவிடும், கைகள் கம்பியை இறுகப் பிடிக்கும். தோட்டத்துப் பெண்கள் முதுகில் கூடையோடு பாதையோரம் ஒதுங்கி நின்று வண்டிக்கு வழிவிட்டு, உள்ளே இருக்கும் குழந்தைகளுக்குக் கையசைப்பார்கள். கீழே சூரியநெல்லியில் அடுத்த நடைக்கு ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். ஓட்டுநர் எஞ்சினை அணைத்து இறங்கி, டார்ச்சை எடுத்துக்கொண்டு முதலில் வண்டிக்கு அடியில் குனிகிறார்.